மகளின் முழங்கைத் தழும்பு: இப்போதே ஆபரேஷனா, பொறுக்கலாமா?

வணக்கம். மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது. 11 மாதம் முன்பு கொதிக்கிற ரசம் வலது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறவே ஐந்து வாரம். இப்போது முழங்கை மடிப்பில் தழும்பு கயிறு மாதிரி தடித்து இழுக்கிறது. கை முழுதாக நீளவில்லை. ராத்திரி அரிப்பு. ஊஞ்சல் சங்கிலியை இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள்.

சிலிக்கான் ஜெல் ஷீட் ஏழு மாதம் போட்டோம் (இந்த வெயிலில் ஒட்டினால்தானே!). பிரஷர் ஸ்லீவ் (தழும்பை அழுத்தி வைக்கும் இறுக்கமான கையுறை), ராத்திரி ஸ்பிளின்ட் (கையை நீட்டி வைக்கும் கட்டை), பிசியோதெரபி எல்லாம் நடக்கிறது. தழும்புக்குள்ளேயே போடும் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை. தடிப்பு கொஞ்சம் அமுங்கியது, இழுப்பு அப்படியே. மூன்றாவதற்கு அவள் அழுத அழுகையில் திரும்பி வந்துவிட்டோம்.

ஒரு டாக்டர், தழும்பு முதிர ஒன்றரை வருடமாவது ஆகட்டும் என்கிறார். இன்னொருவர், எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது, மூட்டு இறுகுமுன் இசட்-பிளாஸ்டி (தழும்பை Z வடிவில் வெட்டி, தோலை இடம் மாற்றித் தைத்து இழுப்பைத் தளர்த்தும் ஆபரேஷன்) செய்துவிடலாம், தேவைப்பட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கலாம் என்கிறார். இருவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

மூட்டு மடிப்புத் தழும்புக்கு ஒரு வருடத்துக்குள் குழந்தைக்கு ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால், அதன்பின் கை முழுதாக நீண்டதா, மறுபடி இழுத்ததா?