15 ஆம்ப் பாயிண்டில் கார் சார்ஜ் பாதியில் நிற்கிறது, 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கணுமா?

கேள்வி: 45 யூனிட் பேட்டரி உள்ள எலெக்ட்ரிக் கார். கூடவே வந்த 3.3 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜரை போர்ட்டிகோ பாயிண்டில் போட்டால் ஒழுங்காக ஆரம்பிக்கிறது. 40, 50 நிமிஷத்தில் சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடும். பிளக் சுடுகிறது. எலெக்ட்ரீஷியன் எர்த் கோளாறு என்கிறார். ஷோரூமில் 7.2 வாங்கச் சொல்கிறார்கள். தினசரி ஓட்டம் 45 கி.மீ., வீடு சிங்கிள் ஃபேஸ்.

பதில் 1: எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, போட்டதும் சிவப்பு வரும். ஓடி, சூடேறி, நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிறது என்றால் எங்கோ தொடர்பு லூஸ். வோல்டேஜ் பாருங்க சார். சார்ஜ் போடாதபோதும் ஓடும்போதும், மீட்டர் போர்டில் ஒருமுறை, பாயிண்டில் ஒருமுறை, ஆக நாலு ரீடிங். ஓடும் பாயிண்டில் அளப்பதை எலெக்ட்ரீஷியனே செய்யட்டும்.

கேட்டவர்: மீட்டர் போர்டில் 228, ஓடும்போது 224. பாயிண்டில் 228, ஓடும்போது 206. ஒயர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்), சுமார் 25 மீட்டர்.

பதில் 1: அப்போ தெருவில் விழுவது 4 வோல்ட், வீட்டுக்குள் விழுவது 18. 2.5 காப்பர் போக வர 50 மீட்டருக்கு 0.37 ஓம். 14 ஆம்பில் 5 வோல்ட்தான் அதன் பங்கு. மீதி 13 வோல்ட் ஜாயிண்டிலோ ஸ்க்ரூவிலோ போகிறது. 13ஐ 14ஆல் பெருக்கினால் 180 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், யோசிச்சுப் பாருங்க. கெய்சர் இதே கரண்டைப் பத்து நிமிஷம் இழுப்பதால் தாங்கிவிடும். கார் மணிக்கணக்கில் இழுக்கும். சரி செய்யும்வரை அந்தப் பாயிண்டில் போடாதீங்க.

பதில் 2: எர்த்தையும் விட்டுவிட வேண்டாம். ஃபேஸ்-எர்த் ரீடிங்கும் ஃபேஸ்-நியூட்ரல் ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து "சரியாயிடுச்சு" என்று கைகழுவும் ஆட்கள் உண்டு. சார்ஜர் ஏமாந்து ஓடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடியே 230 வோல்ட்டில் நிற்கும்.

கேட்டவர்: பாயிண்டைக் கழற்றியாச்சு. நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ், அந்த ஒயர் ஓரம் கருகியிருக்கு. லைன் மோட்டார் சுவிட்ச் போர்டிலிருந்து லூப் எடுத்தது, அங்கே முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். நியூட்ரல்-எர்த் 1.5.

பதில் 1: ஆள் பிடிபட்டாச்சு. ஸ்க்ரூவை முறுக்கி விட்டுவிடாதீங்க, கருகிய பித்தளை மறுபடி பிடிக்காது. மீட்டர் போர்டிலிருந்து நடுவே ஜாயிண்டே இல்லாமல் தனி லைன்: 4 ஸ்கொயர் காப்பர், எர்த்துக்கும் அதே தடிமன், 20 ஆம்ப் சி-கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் டைப் ஏ ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்). டைப் ஏசி மலிவு, ஆனால் காருக்கு வேண்டாம். புது 16 ஆம்ப் சாக்கெட் போடுங்க, பின்கள் இறுக்கமாக உட்காரணும். சார்ஜர் பிளக் பின்களும் கருத்திருந்தால் மாற்றாமல் புது சாக்கெட்டில் சொருகக் கூடாது, அதையும் கெடுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே வேண்டாம்.

கேட்டவர்: அப்போ 7.2?

பதில் 3: 45 கி.மீ.க்கு, யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்தால், இழப்பும் சேர்த்து ஏழு யூனிட் சொச்சம். 3.3 சார்ஜரில் இரண்டரை மணி நேரம். ராத்திரி முழுக்க நிற்கும் காருக்கு 7.2 எதுக்குங்க? அது 32 ஆம்ப் இழுக்கும். 6 ஸ்கொயர் ஒயர், 40 ஆம்ப் எம்சிபி, ஈ.பி.யில் லோடு கூட்ட மனு, இத்தனையும் வேணும். ஏசியும் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் சிங்கிள் ஃபேஸ் திணறும். ராத்திரிக்குள் காலியிலிருந்து முழுசாக ஏற்றியே ஆகணும் என்பவர்களுக்குத்தான் அது. கார் பார்க்கப் போகிறவர்கள் ரேஞ்சை நூறு தடவை கேட்கிறார்கள், வீட்டுப் பாயிண்டை ஒருத்தரும் திறந்து பார்ப்பதில்லை. இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு 430 யூனிட் போல கூடும். மொத்தம் 500 தாண்டினால் ஸ்லாப் (கட்டண அடுக்கு) மாறும், அதைக் கணக்கில் வைங்க.

பதில் 1: புது லைனில் முதல் தடவை ஒரு மணி நேரம் ஓடவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆகாது. ஒரு மாதம் கழித்து மெயினை ஆஃப் செய்து டெர்மினல் ஸ்க்ரூக்களை இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்க. பல இழை காப்பர் அமுங்கி லூஸ் ஆகும்.