இடம் இருந்தும் பெட்டியை ஏன் விட்டுவிட்டு வருகிறார்கள்?

ஊர்க்குருவி:
ஜூன் மாதம் மதிய விமானத்தில் வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு வந்தேன். 30 கிலோவுக்குள்தான் பெட்டி. வந்து இறங்கினால் எனக்கும் இன்னும் பலருக்கும் பெட்டி வரவில்லை. நாளைக்கு வரும் என்றார்கள். இத்தனைக்கும் பின்வரிசையில் சீட்டுகள் காலி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

காவிரிக்கரை:
சரக்குக்குக் காசு அதிகம், அதனால் அதை ஏற்றிக்கொண்டு பெட்டியை இறக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

லோட்ஷீட்காரன்:
அப்படி இல்லை நண்பரே. வளைகுடாவில் லோட் ஷீட், அதாவது விமானத்தின் எடைக்கணக்குத் தாள், போடுவதுதான் என் வேலை. சரக்கைத்தான் முதலில் இறக்குவோம். அதுவும் பத்தாவிட்டால்தான் பெட்டியில் கை வைப்போம். ஊருக்குப் போகும் சவப்பெட்டி இருந்தால் அதை மட்டும் நான் இறக்கவிட்டதில்லை. அங்கே ஒரு குடும்பம் வாசலில் காத்துக்கிடக்கும்.

ஏ320 நியோ ரக விமானம் அதிகபட்சம் 79 டன் எடையோடு கிளம்பலாம். ஆனால் 45 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். இறக்கை தூக்குவதும் குறையும், எஞ்சின் தள்ளுவதும் குறையும். அந்த மதியத்தில் 79 கிடைக்காமல் போகலாம். திருச்சியில் இடிமழை என்று அறிக்கை வந்துவிட்டால், சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்ப வேண்டியிருக்கும் என்று விமானி கூடுதல் எரிபொருள் கேட்பார். ஏற்கெனவே எடை வரம்பைத் தொட்டு நிற்கும் விமானத்தில் 1 டன் எரிபொருள் ஏறினால் 1 டன் சுமை இறங்கியாக வேண்டும். உங்கள் பெட்டி மாதிரி 33 பெட்டி! இடம் காலியாக இருந்து என்ன பயன்?

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். 2003இல் அமெரிக்காவின் ஷார்லட்டில் ஒரு சிறிய விமானம் கிளம்பியதுமே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற பலகையின் கம்பியைத் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். வால் பக்கம் எடையும் கூடியிருந்தது. பயணிகளின் சராசரி எடையைக் குறைவாகப் போட்டதால் தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தச் சராசரியை அப்புறம்தான் உயர்த்தினார்கள்.

ஊர்க்குருவி:
இப்போது புரிகிறது அண்ணே. 40 கிலோ அனுமதி இருந்தாலும் ஒரே பெட்டியில் 32க்கு மேல் கூடாது என்கிறார்களே, அதுவும் இதனாலா?

லோட்ஷீட்காரன்:
இல்லை தம்பி, அது லோடர்களின் முதுகுக்காக. ஏ320 அடிவயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. அந்தப் புழுக்கத்தில் முட்டி போட்டபடி ஒவ்வொரு பெட்டியாக இழுத்து அடுக்குகிறார்கள். இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். மருந்து, பத்திரங்களைக் கைப்பையில் வையுங்கள். கோடையில் முடிந்தால் இரவு விமானமாகப் பாருங்கள்.