பிராகில் வெள்ளி இரவு, ஆறு பேருக்கு இடம் கிடைக்கவில்லை: உதவி தேவை

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வியன்னாவிலிருந்து ரயிலில் பிராக் போகிறோம், ஆறு பேர், இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இறங்குவோம். தங்குவது ஃப்ளோரென்ட்ஸ் (Florenc) மெட்ரோ நிலையம் பக்கம். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேச வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அந்த மேசைதான் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள சில பப்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் சொன்னவர்கள் வெள்ளி நிரம்பிவிட்டது என்றார்கள், இணையத்தில் பதியலாம் என்றால் நான்கு பேருக்கு மேல் எடுக்கவில்லை. வழிகாட்டியோடு பப் பப்பாகப் போகும் சுற்றுலாவையும் பார்த்தேன், இரவு பத்து முதல் காலை ஆறு வரை அதை 2024இல் தடை செய்துவிட்டார்கள், நாங்கள் போகும் நேரத்துக்கு அது உதவாது. லெட்னா பூங்காவின் பீர் தோட்டம் திறந்தவெளி, நவம்பர் குளிரில் முடியாது. தெருவில் நின்று குடிக்கவும் பல இடங்களில் தடை.

எங்களில் இருவர் மது தொடமாட்டார்கள், அவர்களுக்கு கோஃபோலா என்கிற செக் கோலா பானமோ ஆல்கஹால் இல்லாத பீரோ போதும். ஒருவர் சைவம், வறுத்த சீஸ் இருந்தால் சரி. கோப்பை காலியானதும் கேட்காமலே அடுத்த பீரை வைத்து, கணக்குக்குத் துண்டுச்சீட்டில் கோடு போடுகிற பழைய பாணி பப் என்றால் ரொம்பப் பிடிக்கும். திரும்ப இரவு டிராம் இருக்கிறது, தூரம் பிரச்சினை இல்லை.

ஜிஷ்கோவ் அல்லது கர்லீன் பகுதியில், வெள்ளி இரவு பத்து மணிக்கு முன்பதிவு இல்லாமல் ஆறு பேர் சேர்ந்து உட்கார, நீங்களே போய்ப் பார்த்த பப் எது?