தனியாக மசாடா ஏறிய காலை

வித்யா: அம்மா, இஸ்ரேலில் இருக்கிற மசாடா மலைக்கோட்டைக்கு வளைந்து வளைந்து ஏறும் பாம்புப் பாதையின் அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் விடியவில்லை. மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, டார்ச், பவர் பேங்க் எல்லாம் இருக்கிறது.

அம்மா: தனியாகவா? விடுதியில் இருந்த அந்தப் பெண்கள் எங்கே?

வித்யா: அவர்கள் ரோப் காரில் வருவார்கள் அம்மா. எனக்கு நடந்து ஏற வேண்டும், ரொம்ப நாள் ஆசை. பாதையில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

சித்தப்பா: பாதையை விட்டு விலகாதே மா. வறண்ட ஓடைக்குள் இறங்கவே கூடாது. உன் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேற்கே மலையில் பெய்த மழை அங்கே திடீர் வெள்ளமாக வந்துவிடும்.

வித்யா: சரி சித்தப்பா, இறங்க மாட்டேன்.

அம்மா: எங்கே இருக்கிறாய்?

அம்மா: வித்யா? ஒரு மணி நேரமாக ஒரே ஒரு டிக்தான் காட்டுகிறது.

குமார்: சிக்னல் இருக்காது அம்மா, கொஞ்சம் பொறுங்கள்.

வித்யா: வந்துவிட்டேன் அம்மா! நடுவில் சிக்னலே இல்லை, பயந்துவிட்டீர்களா, மன்னித்துவிடுங்கள். ஏற ஆரம்பித்த இடம் கடல் மட்டத்துக்குக் கீழே, முன்னூறு மீட்டருக்கு மேல் ஏறி இப்போதுதான் கடல் மட்டத்தைத் தாண்டியிருக்கிறேன். கீழே சாக்கடல், அதற்கு அந்தப் பக்கம் ஜோர்டான் மலைகள், அங்கிருந்து சூரியன் வருகிறது. ஒரு சத்தம் இல்லை.

அம்மா: அப்பாடா. முதலில் தண்ணீர் குடி.

வித்யா: குடித்துக்கொண்டேதான் தட்டச்சு செய்கிறேன். இங்கே தண்ணீர்தான் ஆச்சரியம் அம்மா. வருடத்தில் சில நாள்தான் மழை, ஆனால் சுமார் 2000 வருடத்துக்கு முன் இந்த யூத நாட்டை ஆண்ட ஏரோது மன்னன் இங்கே குளியல் கூடம், நீச்சல் குளம் எல்லாம் கட்டியிருக்கிறான். சித்தப்பா சொன்ன அதே வெள்ளத்தைத்தான் ஓடையில் அணை போட்டுத் திருப்பி, மலைச்சரிவில் குடைந்த 12 தொட்டிகளில் நிரப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து மேலே சுமந்து வந்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 4 கோடி லிட்டர் பிடிக்குமாம். நான் மூன்று லிட்டரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள்ளேயே தோள் வலிக்கிறது, அவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

குமார்: கோட்டைக்குள் நுழைய ரோமானியப் படை மண் கொட்டிப் போட்ட சாய்தளம் தெரிகிறதா?

வித்யா: மேற்குப் பக்கம் அப்படியே இருக்கிறது அண்ணா. கீழே முகாம்களின் கல் சுவர்கூடச் சதுரம் சதுரமாகத் தெரிகிறது. கி.பி. 73, 74 வாக்கில் நடந்த முற்றுகை, நேற்றுக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

குமார்: கோட்டைக்குள் இருந்த யூதக் கிளர்ச்சியாளர்களும் குடும்பங்களுமாக 960 பேர் சரணடையாமல் உயிரை விட்டார்கள் என்று அந்தக் கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அகழாய்வில் அத்தனை பேருடைய எலும்புகள் கிடைக்கவில்லை, அதனால் ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

வித்யா: ஆமாம். அவர் கணக்கில் ஏழு பேர் பிழைத்தார்கள், இரண்டு பெண்கள், ஐந்து குழந்தைகள். நிலத்தடித் தண்ணீர் வழிக்குள் ஒளிந்திருந்தார்களாம். இப்போது ஒரு தொட்டிக்குள் படியிறங்கி வந்திருக்கிறேன், சுவரில் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. இருட்டு. குழந்தைகளை எப்படிச் சத்தம் போடாமல் வைத்திருந்தார்களோ.

அம்மா: ஐயோ, அந்தத் தாய்மார்கள்.

சித்தப்பா: அங்கே கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்தது, தெரியுமா? சுமார் 2000 வருடம் பழையது.

அம்மா: நிஜமாகவா? அத்தனை வருடம் கழித்தா?

சித்தப்பா: நிஜம்தான் அண்ணி. மரமாகவே வளர்ந்துவிட்டது.

அம்மா: வித்யா, எவ்வளவு தண்ணீர் மிச்சம்?

வித்யா: ஒன்றரை லிட்டர். மேலே குடிநீர்க் குழாய் இருக்கிறது, நிரப்பிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிறேன்.

அம்மா: கீழே போனதும் முதலில் எனக்குத்தான் போன்.