'போர்ட்டிபைட் மில்க்': பெற்றோருக்கு எப்படி எழுதுவது?

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
அன்புடையீர், வெள்ளிக்கிழமை ஐந்தாம் தரப் பெற்றோர் கூட்டம். விற்றமின் ஏ, டி இட்ட ஆடை நீக்கிய பாலைப் பற்றிய துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்குகிறேன். 'மைக்ரோநியூட்ரியண்ட்' சிக்கலில்லை, சிறிதளவே தேவைப்படும் சத்தைக் குறிக்கும் 'நுண்போசணை' நமக்குப் பழகிய சொல். சத்துகளை வெளியிலிருந்து இட்டதைக் குறிக்கும் 'போர்ட்டிபைட்'தான் இடிக்கிறது. தமிழ்நாட்டில் 'செறிவூட்டப்பட்ட' என்கிறார்கள். ஒரு தாயிடம் சொல்லிப் பார்த்தேன். "டின்பாலா, ரீச்சர்?" என்று கேட்டார்.

வெள்ளவத்தை அன்பர்:
அந்தத் தாய் கேட்டதில் பிழையில்லை. நீரை வற்றவைத்தால் பால் செறிவாகும், டின்பால் அப்படித்தான் ஆகிறது, இரசாயனப் பாடமும் அதைத்தான் சொல்கிறது. வள்ளுவரிடம் போனால் இன்னும் தூரம்: 'செறிவறிந்து சீர்மை பயக்கும்' என்னும் இடத்தில் செறிவு என்பது அடக்கம்! 'ஊட்டு' என்பது 'உண்' என்பதன் பிறவினை. பாலுக்கு யார் ஊட்டுவது? 'வலுவூட்டிய பால்' என்றாலும் தொல்லைதான். பெயரெச்சம் எழுவாயையும் கொள்ளும், செயப்படுபொருளையும் கொள்ளும். பிள்ளைக்கு வலுவூட்டிய பாலா, வலு ஏற்றப்பட்ட பாலா? இந்த மயக்கம் விளம்பரக்காரருக்கு நல்ல வசதி. 'உரமேற்றிய பால்' என்பேன். உரம் என்றால் வலிமை, பழைய சொல்.

மட்டக்களப்பு நண்பர்:
ஐயா, உரம் என்றால் இங்கே வயலுக்குப் போடும் பசளை. பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? 'அயடீன் சேர்த்த உப்பு' எல்லாருக்கும் விளங்குகிறது. அதுபோல 'சத்துச் சேர்த்த பால்' போதும். என்ன சத்து என்று தாய் உடனே கேட்பாள். கேட்கத்தான் வேண்டும். பாலில் இரும்பு மிகக் குறைவு, கல்சியமோ இரும்பு உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும். ஏ, டி இட்ட பாலைக் குடித்தால் இரும்புக் குறைவால் வரும் குருதிச்சோகை தீரும் என்று அவள் நம்பிவிடக் கூடாது. 'வலு', 'உரம்' எல்லாம் அந்த நம்பிக்கையைத்தான் வளர்க்கும்.

வெள்ளவத்தை அன்பர்:
உரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் விற்றமின் ஏ, ஆடையோடு போனது. அதைத் திருப்பி இடுகிறோம். டி முழுப்பாலிலேயே சொற்பம், அதைப் புதிதாக இடுகிறோம். 'சேர்த்த' என்னும் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. முன்னதை 'மீளிட்ட' என்றால் என்ன?

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
ஐயா, வேறுபாடு சரி. ஆனால் 'மீளிட்ட' என்பதை விளக்கவே இன்னொரு கூட்டம் வேண்டும். நம் குழுவில் பலரும் 'சத்துச் சேர்த்த பால்' பக்கமே நிற்கிறார்கள். 'விற்றமின் ஏ, டி சேர்த்த பால், இரும்பு சேர்க்கப்படவில்லை' என்று முழுதாக எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளவத்தை அன்பர்:
பிரசுரத்துக்கு அது சரி, ரீச்சர். நம் குழுவின் சொற்பட்டியலில் அதை ஏற்ற மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 'மீளிட்ட' பற்றிப் பிறகு எழுதுகிறேன்.