ராஜ்தூத் 350: இடது பிஸ்டன் மட்டும் இரண்டு முறை சீஸ், என்ன காரணம்?

கோவைவாசி:
வணக்கம். மாமாவுடைய 1985 மாடல் ராஜ்தூத் 350 பதினோரு வருஷம் ஷெட்டிலேயே நின்றுவிட்டு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. டேங்க், கார்புரேட்டர் எல்லாம் கழுவி ஸ்டார்ட் செய்தோம், நாலாவது கிக்கிலேயே பிடித்துக்கொண்டது, அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இருபது கிலோமீட்டர் போவதற்குள் இடது பிஸ்டன் சீஸ், சிலிண்டருக்குள் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது. லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி (போர் செய்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம், ரன்னிங்-இன் முடிவதற்குள் திரும்பவும் அதே இடது பக்கம். வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. சூடானதும் ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க மறுக்கிறது. இடது பிளக் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, வலது பிளக் நல்ல காபிப்பொடி நிறம். மெக்கானிக் ஆயில் பம்பு மேல்தான் சந்தேகப்படுகிறார், அதைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டச் சொல்கிறார். செய்யலாமா? அப்படியே முன் பிரேக்கையும் டிஸ்க்காக மாற்றிவிடலாமா?

டூஸ்ட்ரோக் பட்டறை:
தயவுசெய்து மூன்றாவது முறை போர் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது இடது பக்கக் கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்.

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸும் ஒரு பம்பு மாதிரிதான். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, ஒருவழிக் கதவான ரீட் வால்வு திறந்து பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்சரை உள்ளே இழுக்கும். ஆர்டியில் (ராஜ்தூத் 350-க்கு மூலமான யமஹா ஆர்டி350) இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி அறை, நடுவில் இரண்டையும் பிரிக்கும் லாபிரிந்த் சீல். வலது ஓரத்தில் கிளட்ச் இருக்கிறது, அந்த சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், உடனே தெரிந்துவிடும். இடது ஓரத்தில் ஆல்டர்னேட்டரும், பிளக்கில் பொறி விழும் நேரத்தை வைக்கும் பாயின்ட்டும், அங்கே ஆயிலே கிடையாது. அந்த சீல் காய்ந்து சுருங்கினால் உறிஞ்சப்படுவது வெறும் காற்று. புகை இல்லை, ஒழுகல் இல்லை. மிக்சரில் காற்று கூடிக் கூடி, ரேஸ் தானாக ஏறி, பிஸ்டன் வெந்து பிடித்துக்கொள்ளும். பதினோரு வருஷம் அசையாமல் நின்ற ரப்பர் வேறு எப்படி இருக்கும்?

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள். பட்டறையில் நான் பிபி பார்க்கும் கருவியைத்தான் வைத்திருக்கிறேன். சைலன்ஸரையும் கார்புரேட்டரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட் வைத்து இறுக்கி மூடுங்கள். கார்புரேட்டர் பக்கத்தை ஒரு ரப்பர் கார்க்கால் அடைத்து, அதில் துளை போட்டுக் கருவியின் குழாயைச் செருகுங்கள். பிளக்கை மாட்டிவிட்டு 300 வரை மெல்ல ஏற்றுங்கள், அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. ஆறு நிமிஷம் முள் பெரிதாக இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இடமாகத் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

சோழவரம் ரசிகன்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ஆயில் பம்பு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வண்டிகள் பலவற்றில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. யமஹாவின் ஆட்டோலூப், அதாவது இந்த ஆயில் பம்பு, என்ஜின் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் திறப்பையும் சேர்த்துப் பார்த்து ஆயில் கொடுக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடியே வருவோம், என்ஜின் மட்டும் சுற்றும். கலந்து ஊற்றியிருந்தால் பெட்ரோல் போகாதபோது ஆயிலும் போகாது. பம்பு இருந்தால் அப்போதும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் ப்ளீட் செய்து, கேபிள் குறியைப் பொருத்தி வையுங்கள், போதும்.

டிஸ்க்? ஜப்பான் ஆர்டி350-இல் டிஸ்க்தான் இருந்தது, எஸ்கார்ட்ஸ் ஃபரிதாபாத்தில் தயாரித்தபோது 7 அங்குல ட்ரம் போட்டார்கள். அந்த ட்ரம் வண்டியின் வேகத்துக்குப் பத்தாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஓரளவு உண்மைதான். ஆனால் அதற்குள் இரண்டு ஷூவுக்கும் தனித்தனி கேம் உண்டு. இரண்டையும் இணைக்கும் கம்பியைச் சரிசெய்து, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் ட்ரம்மைத் தொடும்படி வையுங்கள், அப்புறம் முடிவெடுங்கள். என் கருத்தில் மாமாவின் வண்டியை அவர் ஓட்டிய மாதிரியே வைத்திருப்பதுதான் அழகு.

உங்களுடையது ஹெச்டியா (ஹை டார்க்) எல்டியா (லோ டார்க்)? முதலில் வந்த ஹெச்டி 30.5 குதிரைத்திறன், மைலேஜுக்காகக் கட்டுப்படுத்திய எல்டி 27. இத்தனை வருஷத்தில் சிலிண்டர் மாறியிருக்கலாம், எந்த சிலிண்டர் என்று பார்க்காமல் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் கை வைக்காதீர்கள்.

டூஸ்ட்ரோக் பட்டறை:
ஒன்று விட்டுப்போனது. பாயின்ட் இரண்டு, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. பிஸ்டன் நிற்கும் இடத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து இரண்டு பக்கமும் டைமிங் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே எரிந்தாலும் அந்தப் பக்கப் பிஸ்டன்தான் போகும்.

கோவைவாசி:
இருவருக்கும் நன்றி. பக்கத்து மெடிக்கலில் பிபி கருவி வாங்கி நேற்று ராத்திரியே சோதித்துவிட்டோம். வலது பக்கம் ஆறு நிமிஷத்தில் முள் கொஞ்சம்தான் அசைந்தது. இடது பக்கம் 300-இலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் பூஜ்யம். ஆல்டர்னேட்டரைக் கழற்றி சோப்புத் தண்ணீர் தடவினால் கிராங்கைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டு வந்தது, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மாமாதான் முதலில் பார்த்தார். பம்பு வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் கிராங்க் கேஸைப் பிரிக்கிறோம், சீலோடு மெயின் பேரிங்கையும் மாற்றப் போகிறோம். சிலிண்டர் எண்ணைப் படம் எடுத்துப் போடுகிறேன், ஹெச்டியா எல்டியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.