34 வயதில் சி.ஏ. படிக்கலாமா? ஆர்ட்டிகிள்ஷிப்பை நினைத்தால்தான் தயக்கம்

ஓரகடத்தான்:
வணக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓரகடத்தில் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். வயது 34, யுகேஜி போகும் பையன், வீட்டுக் கடன் ஓடுகிறது. மாதக் கடைசியில் உற்பத்திச் செலவைக் கணக்கிடும் காஸ்டிங் ஆட்களோடு உட்கார்ந்து ஸ்கிராப், ரீவொர்க் கணக்கெல்லாம் பார்க்கும்போது அந்தப் பக்கமே போய்விடலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. காமர்ஸ் படித்ததே இல்லை, டெபிட் கிரெடிட் கூட யூடியூப் புண்ணியம்தான். வேலையை விடாமல் சி.ஏ. முடிக்க வழி உண்டா? ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பை 2 வருடமாகக் குறைத்துவிட்டார்களாமே?

நுங்கை ஆடிட்டர்:
குறைத்தது உண்மைதான். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் 3 வருடம் 2 ஆனது, ஃபவுண்டேஷனுக்கு அடுத்த கட்டங்களான இன்டரிலும் ஃபைனலிலும் 8 பேப்பர் 6 ஆனது. வயது வரம்பும் கிடையாது. ஆனால் இன்டரில் பேப்பர்களைப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆர்ட்டிகிளாகவே சேர முடியும். அதுவரை வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், அப்புறம்தான் சிக்கல். ஆர்ட்டிகிளில் இருக்கும்போது வேறு வேலை பார்க்கக் கூடாது, விடுப்பு வருடத்துக்கு 12 நாள், பயிற்சிக்குத் தரும் ஸ்டைபண்ட் உங்கள் இ.எம்.ஐ.யின் ஒரு மூலைக்குக் காணாது.

இன்னொன்று, எல்லா ஆடிட்டரும் 30 தாண்டியவரை எடுக்க மாட்டார்கள், தன் வயதுக்காரரிடம் வவுச்சரை டிக் அடிக்கச் சொல்லக் கூச்சம். நான் எடுத்திருக்கிறேன். ஸ்டாக் ஆடிட்டுக்குப் போனால் பாதி முடிந்த சரக்கைப் பார்த்து இவர்கள் கேட்கும் கேள்வி 21 வயதுப் பையனுக்குத் தோன்றாது. சரி, பி.இ.யில் எத்தனை சதவீதம்? காமர்ஸ் அல்லாத பட்டதாரிக்கு 60 இருந்தால்தான் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டரில் சேர முடியும்.

ஓரகடத்தான்:
58 சார். அரியரை எல்லாம் கடைசி செமஸ்டரில் முடித்த கோஷ்டி.

பிளாண்ட் ஃபைனான்ஸ் அக்கா:
அப்படியென்றால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் தம்பி, உங்களுக்கு காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பான சி.எம்.ஏ.தான் சரி. பட்டம் இருந்தால் போதும், 60 இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள், நேராக இன்டர். அங்கே 8 பேப்பர், ஃபைனலில் 8, தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை. 15 மாதப் பயிற்சி உண்டு, ஆனால் பொருத்தமான பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலே அதைக் கணக்கில் காட்டலாம். உற்பத்தியில் இருந்துகொண்டு காட்டுவது கஷ்டம், அதனால் முதல் வேலையாக உங்கள் கம்பெனிக்குள்ளேயே காஸ்டிங் அல்லது பட்ஜெட் பக்கம் மாற்றல் கேளுங்கள். ஷாப் ஃப்ளோரில் நின்ற ஆள் கிடைத்தால் காஸ்டிங் மேனேஜர் விடமாட்டார். மெஷின் ஒரு மணி நேரம் ஓட ஆகும் செலவு, அதாவது மெஷின் ஹவர் ரேட், ஏன் ஏறியது என்று அவருக்கு சிஸ்டம் சொல்லாததை நீங்கள் சொல்வீர்கள். திட்டமிட்ட செலவுக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் வேரியன்ஸ் எல்லாம் உங்களுக்குச் சுலபமாக வரும், வரிப் பேப்பர்தான் படுத்தும்.

சி.ஏ. ஆசை போகவில்லையென்றாலும் சி.எம்.ஏ. இன்டர் முடித்தவர் ஃபவுண்டேஷன் இல்லாமல் சி.ஏ. இன்டரில் சேரலாம். கதவு மூடிவிடாது.

இரவு ஷிப்ட்:
அக்கா சொல்வது சரி, ஆனால் சி.எம்.ஏ. லேசு என்று யாரோ சொன்னதை நம்பி வராதீர்கள். இரண்டு படிப்பிலும் ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். எல்லாவற்றிலும் 48 எடுத்து குரூப்பே போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. வேலையோடு படிப்பவர் ஒரு முறைக்கு ஒரு குரூப் மட்டும் எழுதுங்கள்.

பிரிட்டனின் கணக்காளர் படிப்பான ஏ.சி.சி.ஏ. என்று யாராவது இழுப்பார்கள். 13 பேப்பர், 3 வருட அனுபவம், துபாய் போக நினைத்தால் யோசிக்கலாம். அதை வைத்து இங்கே ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது.

நுங்கை ஆடிட்டர்:
சி.எம்.ஏ. வைத்தும் கம்பெனியின் ஸ்டாட்யூட்டரி ஆடிட்டில், அதாவது சட்டப்படி கட்டாயமான வருடக் கணக்குத் தணிக்கையில், கையெழுத்துப் போட முடியாது, உற்பத்திச் செலவுக் கணக்கைப் பார்க்கும் காஸ்ட் ஆடிட்டில்தான் போடலாம். தனியாக போர்டு மாட்டி உட்கார்ந்து ஸ்டாட்யூட்டரி ஆடிட் செய்ய ஆசையென்றால் சி.ஏ.வைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு முதலில் இரண்டு வருடச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டும். உங்களுக்கு எது வேண்டும்?

ஓரகடத்தான்:
போர்டு ஆசையெல்லாம் இல்லை சார், தொழிற்சாலைக்குள்ளேயே நிதிப் பக்கம் போனால் போதும். மாற்றல் பற்றி இந்த வாரமே பேசிப் பார்க்கிறேன். அக்கா, டிசம்பர் தேர்வு எழுத எப்போதுக்குள் பதிய வேண்டும்?

பிளாண்ட் ஃபைனான்ஸ் அக்கா:
ஜூலை 31க்குள். விட்டால் ஜனவரி 31, அது ஜூனுக்கு. பதிந்த கையோடு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கை ஆரம்பியுங்கள், காஸ்டிங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.